ஆமைத் தொட்டியும் அத்திப்பட்டுத் தண்ணீரும்

"நேத்துதான் தொட்டியை மொத்தமா கழுவி ஊத்தினேன். இன்னிக்குப் பாருங்க, பால் கலந்த மாதிரி இருக்கு!" ஆமை வளர்க்கும் வீடுகளில் இந்தப் புலம்பல் அடிக்கடி காதில் விழும். கழுவியதால்தான் கலங்கியது என்று பதில் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் காரணம் அதுதான். அது புரிந்துவிட்டால் தொட்டி வேலையில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி, உங்கள் வீட்டுக்கு வருவது எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இந்த இரண்டாவது பாதிதான்.

எந்த ஆமையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்ண மீன் கடைகளில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, பச்சை ஓட்டோடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு விற்பார்களே, அந்தச் சிவப்புக்காது ஆமை. இதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருஷம்கூட இருக்கும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பாட்டிமார் சொன்ன ஊரில், இன்று வாஸ்துவுக்கு நல்லது என்று சொல்லி வாங்கி வைக்கிறார்கள். இதில் பெரும்பகுதி நேர்வழியில் வந்த சரக்கும் இல்லை. பாங்காக், கோலாலம்பூர் விமானங்களில் வந்தவர்களின் பெட்டிகளிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இவை கூட்டம் கூட்டமாகப் பிடிபட்டிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் ஒரே தடவையில் கிட்டத்தட்ட 5,000 குட்டிகள் சிக்கின. அதனால் புதிதாக வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஏற்கெனவே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட ஆமைக்காகத்தான் எழுதுகிறேன். நம் ஊர்க் குளத்துப் பால் ஆமையையோ நட்சத்திர ஆமையையோ யாராவது கொண்டுவந்து கொடுத்தால் கையில் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை அவை. வீட்டில் வைத்திருந்தால் சிறைத் தண்டனை வரை போகும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இந்த ஆமைக்குத் தண்ணீருக்குள் இருந்தால்தான் இரையை விழுங்க முடியும். தின்பது, சிறுநீர் கழிப்பது, மலம் கழிப்பது எல்லாம் அதே தண்ணீரில்தான். அதே எடையுள்ள மீனைவிட இது செய்யும் அசுத்தம் பல மடங்கு. கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அமோனியாவாக மாறும். மீன் தொட்டியாக இருந்தால் இந்த நிலையில் மீன் செத்து மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. தலையை வெளியே நீட்டிக் காற்றை வாங்கிக்கொண்டு, கெட்ட தண்ணீரிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். கண் வீங்கும், தோல் உரிந்து சிவக்கும், ஓட்டில் மெதுவாக அழுகல் பிடிக்கும். இவையெல்லாம் நம் கண்ணில் படும்போது தண்ணீர் கெட்டு ரொம்ப நாள் ஆகியிருக்கும். ஆகவே ஆமையைப் பார்த்துத் தண்ணீரை எடை போட முடியாது, தண்ணீரைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தாலும் போதாது. அமோனியாவுக்கு நிறம் கிடையாது. அடி வரை பளிச்சென்று தெரியும் தொட்டியில் அது ஏராளமாக இருக்கலாம். லேசாகப் பச்சை பாய்ந்த தொட்டியில் துளியும் இல்லாமல் போகலாம்.

அமோனியாவை ஒழிப்பது பாக்டீரியா. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவு மீறாதவரை ஆமைக்குப் பெரிய கெடுதல் இல்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது வெளியே போய்விடும். இந்த இரண்டு வகையும் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்ச், பீங்கான் வளையம், கண்ணாடிச் சுவர் என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்பவை. வளர்ச்சியும் நிதானம். புதுத் தொட்டியில் இவை முழுசாகக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

இப்போது அந்தப் புலம்பலுக்குத் திரும்புவோம். தொட்டியைக் கவிழ்த்து, சோப்பு போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை கசக்கினால், நமக்காக உழைத்துக்கொண்டிருந்த பாக்டீரியா மொத்தமும் சாக்கடைக்குப் போய்விடும். ஆமையோ வழக்கம்போலத் தின்று கழித்துக்கொண்டிருக்கும். மறுநாள் வேறு வகை பாக்டீரியா அந்தக் கழிவைத் தின்று தண்ணீரில் கண்டபடி பெருகும். பால் போன்ற கலங்கல் அதுதான். பதறிப்போய் மறுபடி கழுவினால் மறுபடி கலங்கும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தீனியைக் குறைத்து, தினமும் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றிக்கொண்டே வந்தால் தானாகத் தெளியும். நண்பர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் அந்த ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சை வாங்கி வந்து உங்கள் ஃபில்டருக்குள் போடுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். காத்திருக்கும் காலம் பாதியாகும்.

அடுத்து, எந்தத் தண்ணீர்? அத்திப்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் பொதுவாக மூன்று வகை புழங்குகிறது: போர் தண்ணீர், குழாயிலோ லாரியிலோ வரும் குளோரின் போட்ட தண்ணீர், இருபது லிட்டர் ஆர்.ஓ. கேன். மூன்றுக்கும் மூன்று குணம்.

போர் தண்ணீர் இங்கே ஏன் உப்பு என்பது ஊரறிந்த கதை. 1960களில் மீஞ்சூர் பகுதி நிலத்தடி நீரை நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் உறிஞ்சத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே ஏறுவது தெரிந்தது. பிற்பாடு அது பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. கடல் நீரைக் குடிநீராக்கி நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியிலேயே திறக்கப்பட்டது. அதற்காக நம் தெரு போர் இனிக்கத் தொடங்கிவிடவில்லை.

ஓரளவு உப்பை இந்த ஆமை தாங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தொட்டியில் நீர் குறையும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 லிட்டர் தொட்டி, வாரம் 10 லிட்டர் ஆவியாகிறது, ஊற்றுவது டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1,500 உள்ள போர் தண்ணீர். வாரத்துக்கு 15 கிராம் உப்பு கூடும். பழசை எடுக்காமல் குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் பத்து வாரத்தில் 150 கிராம், அதாவது லிட்டருக்கு ஒரு கிராம் ஏறியிருக்கும். குடிநீருக்கே உச்ச வரம்பு 2,000 டி.டி.எஸ். தான், இந்தத் தொட்டி அதைத் தாண்டி 2,500-க்குப் போய்விட்டது. கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு படிவதும், காய்ந்த ஓட்டின் மேல் வெள்ளைப் பூச்சு தெரிவதும் இந்த உப்பாலும் சுண்ணாம்பாலும்தான். அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து வாங்கி ஊற்றுபவர்கள் உண்டு. ஓட்டை நனைத்ததும் மறைந்து, காய்ந்ததும் மறுபடி தெரிந்தால் அநேகமாக உப்புக் கறைதான். நகத்தால் தொட்டால் பொதபொதவென்று இருந்தாலோ, நாற்றம் வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டியதுதான். எனவே ஆவியாகிக் குறைந்ததைக் கேன் தண்ணீராலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீராலோ நிரப்புங்கள். பழசை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றும்போது மட்டும் போர் தண்ணீரைக் கலந்துகொள்ளலாம். போர் தண்ணீரை எடுத்ததும் ஊற்றாமல் ஒரு ராத்திரி பக்கெட்டில் வைத்தால், இரும்பு இருந்தால் செம்பழுப்பாக அடியில் படிந்துவிடும்.

'உப்புத் தொல்லையே வேண்டாம், முழுக்கக் கேன் தண்ணீரே ஊற்றிவிடுவோம்' என்றும் சிலர் இறங்குகிறார்கள். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், ஆர்.ஓ. தண்ணீரில் கனிமம் அநேகமாக இருக்காது. பாக்டீரியா அமோனியாவை மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைச் சமன் செய்ய நீரில் காரத்தன்மை வேண்டும். அது தீர்ந்துபோனால் பி.எச். சரசரவென்று இறங்கி பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். பாதி போர், பாதி கேன் என்று கலப்பது இரண்டு தொல்லைக்கும் மருந்து. டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கலவை 500-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரை மட்டும் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

குழாய், லாரித் தண்ணீரில் இருக்கும் குளோரின் ஆமையைவிட ஃபில்டர் பாக்டீரியாவுக்குத்தான் எமன். அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு, மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் தருவார்கள். அது சோடியம் தயோசல்பேட் கரைசல்.

அமோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 என்றால் ஐந்து பங்கு. பி.எச். 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெப்பம் ஏற ஏற இதுவும் ஏறும். கடினமான போர் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேல், 8-ஐ ஒட்டித்தான் நிற்கும். சித்திரை வெயிலையும் சேர்த்துப் பார்த்தால், வேறு ஊர்க்காரர் தப்பித்துக்கொள்ளும் அமோனியா அளவில் நாம் மாட்டிக்கொள்வோம். மீன் கடைகளில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் கிடைக்கும். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் தொட்டி சுத்தம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்கு 40 லிட்டர் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆறு அங்குல ஆமைக்கு 240 லிட்டர். பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த அந்தக் குட்டிக் கிண்ணத்தில் தண்ணீரைச் சுத்தமாக வைக்க யாராலும் முடியாது. பெரிய கண்ணாடித் தொட்டிக்குக் காசு கட்டுப்படி ஆகாவிட்டால் பிளாஸ்டிக் டப், சிமென்ட் தொட்டி எதுவும் சரிதான் (புது சிமென்ட் தொட்டியைப் பல நாள் நீர் நிரப்பி ஊறவிட்டு, மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே ஆமையை விட வேண்டும், சுண்ணாம்பு இறங்கி பி.எச். எகிறும்). ஆனால் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நீல டிரம்மைப் பாதியாக வெட்டி வைக்காதீர்கள். மணலி, கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகள் இருக்கும் வட்டாரம் இது. டிரம்மில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்டது எத்தனை கழுவினாலும் போகாது.

ஃபில்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு மீனுக்கானது. ஆமைக்கு அதில் இரண்டு மூன்று மடங்கு திறன் வேண்டும். அடியில் சரளைக் கல் வேண்டாம். இடுக்கில் கழிவு சேர்ந்து அழுகிய முட்டை வாடை வரும்; சின்னக் கல்லாக இருந்தால் ஆமை விழுங்கியும் வைக்கும். வெறும் அடித்தளம்தான் சுத்தம் செய்ய எளிது.

வாராந்திர வேலை இதுதான். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் உறிஞ்சித் தண்ணீரை இழுக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. டியூப் முழுவதையும் தொட்டிக்குள் சுருட்டி அமுக்கினால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். குமிழி நின்றதும் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, வெளியே எடுத்துக் கீழே இருக்கும் பக்கெட்டில் வைத்து விரலை விடுங்கள், தானாக ஓடும். உள்ளே இருக்கும் முனையை மூலை மூலையாக நகர்த்தினால் அடியில் தங்கிய கசடு கயிறு போல டியூபுக்குள் ஏறுவது தெரியும். கால்வாசி, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் போனதும் நிறுத்திவிடலாம். பக்கெட்டில் பிடித்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே ஃபில்டர் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும். அந்தப் பழுப்பில்தான் பாக்டீரியா இருக்கிறது.

உண்மையில் டியூபைவிடக் கையைக் கட்டுவதுதான் பெரிய வேலை. ஆமை மனிதரைப் பார்த்ததும் நீந்தி வந்து கழுத்தை நீட்டும். பசி என்று நினைத்துப் பார்க்கிறவரெல்லாம் போடுகிறோம். அதன் தலை அளவுக்குத் தீனி, குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்; அவ்வளவே. தனி டப்பில் தண்ணீர் வைத்து அதில் தீனி போட்டு, அரை மணி கழித்துத் தொட்டிக்கு மாற்றினால் அசுத்தம் கண்கூடாகக் குறையும். சில ஆமைகள் இடம் மாற்றினால் மிரண்டு தின்னாது. அப்படியானால் தொட்டியிலேயே போட்டு, மீந்ததை உடனே வலையால் அள்ளிவிடுங்கள். டப்பாவில் விற்கும் காய்ந்த இறாலை மட்டுமே கொடுத்தால் சத்தும் இல்லை, நாற்றமும் கூடும்.

தண்ணீர் பச்சையாகிறது என்றால் வெயிலும் நைட்ரேட்டும் சேர்ந்து பாசியை வளர்க்கின்றன என்று அர்த்தம். பாசி ஆமையை ஒன்றும் செய்யாது. ஆனால் வெயில் விழும் ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டி மே மாதத்தில் சூடேறினால் ஆமையின் உயிருக்கே ஆபத்து. ஆமைக்கு வெயில் தேவைதான். கண்ணாடி அதற்கு வேண்டிய புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் காலை வெயிலில் பாதி நிழல் விழும் டப்பில் கொஞ்ச நேரம் வையுங்கள், காக்கையிடமிருந்தும் பூனையிடமிருந்தும் காவல் இருங்கள். மொட்டை மாடியிலேயே தொட்டி வைத்திருப்பவர்கள் மேலே கூரை போடுவது நல்லது. அனல்மின் நிலையச் சாம்பல் துணி காயப்போடும் கொடியில் படிகிற ஊரில் தொட்டியை மட்டும் விட்டுவைக்காது.

கடைக்காரர் தரும் குறுக்கு வழிகள் சில உண்டு. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி சக்கர் மீனைத் தருவார்கள். அது ஆமையின் கழிவைத் தின்னாது, தன் பங்குக்குக் கழிவைச் சேர்க்கும். வளர்ந்ததும் யாராவது ஏரியில் கொண்டுபோய் விட, தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. தண்ணீரில் ஊற்றத் தரும் நீல மருந்து அமோனியாவை எடுக்காது, பாக்டீரியாவைத்தான் கெடுக்கும். கண் திறக்காத ஆமைக்குத் தண்ணீரில் மருந்து ஊற்றிப் பார்ப்பதைவிட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவது நல்லது. கண் வீக்கத்துக்கு வைட்டமின் ஏ குறைவும் காரணமாக இருக்கலாம், அதைத் தண்ணீர் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

கரண்ட் கட் பற்றியும் சொல்ல வேண்டும். மின் நிலையப் புகைபோக்கி தெரியும் தெருவிலும் கரண்ட் போகத்தான் செய்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. ஃபில்டர் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும், மூடிய கேனிஸ்டர் வகையில் இன்னும் சீக்கிரம். சில மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் எடுத்து, அகலமான தட்டில் தொட்டித் தண்ணீரை ஆழமில்லாமல் ஊற்றி அதில் வையுங்கள், காற்று படும். தீனியை நிறுத்துங்கள். கரண்ட் வந்ததும் ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே கொட்டிவிட்டு ஓட்டுங்கள்.

வாயால் டியூபை உறிஞ்சக் கூடாது என்றதற்குக் காரணம் சால்மொனெல்லா. ஆரோக்கியமான ஆமையின் குடலிலும் இருக்கும் கிருமி அது. மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும். குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து நோய் வாங்கியதால்தான் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-ல் தடை போட்டது. தொட்டிச் சாமான் எதையும் பாத்திரம் கழுவும் சிங்க்கில் கழுவாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். அழுக்குத் தண்ணீர் நைட்ரேட் நிறைந்த உரம், உப்பு அதிகம் இல்லையென்றால் குரோட்டன்சுக்கும் தென்னைக்கும் ஊற்றலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போனால் ஆமையைக் கொசஸ்தலை ஆற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாமல் வனத்துறையிடம் கேளுங்கள். கேரளத்தில் ஓடை வரை போய்விட்ட இதே ஆமைகளைத் திரும்பச் சேகரிக்கத் திருச்சூர் வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடம் வேண்டுகோள் வைக்கும் நிலை வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று கேட்பார்கள். வளர்ந்த ஆமை நான்கைந்து நாள் தீனி இல்லாமல் நன்றாகவே இருக்கும். குட்டிக்குத்தான் ஆள் வேண்டும். பெரிய ஆமையாக இருந்தால் கிளம்புவதற்கு முதல் நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றி, ஃபில்டர் ஓடுகிறதா என்று தினம் ஒரு தடவை எட்டிப் பார்க்கும்படி பக்கத்து வீட்டு அண்ணியிடம் சாவியைக் கொடுங்கள். தீனி டப்பாவை மட்டும் அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.